கீழவாசல் சலூனில் ஒரு ஷாம்பூ

தலையில் எண்ணெய் வைத்து, உச்சியில் தொடங்கிப் பிடரி, தோள், முழங்கை, விரல் நுனி வரைக்கும் 25 நிமிடம் பிடித்து விடுவதற்கு 150 ரூபாய். முடி வெட்டிக்கொண்டால் அது தனியாக 120. தஞ்சாவூர் கீழவாசலில் கடைத்தெருவை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த சலூன். வாசலில் ‘முடி திருத்தும் நிலையம்’ என்று மட்டும் பெயின்டில் எழுதியிருக்கும், வேறு பெயர் கிடையாது. மூன்று நாற்காலி, ஒரு மரப்பெஞ்சு, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, அன்றைய தினத்தந்தி. எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

நான் டி.டி.பி. வேலை செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளெக்ஸ், கடைகளுக்கு விலைப் பலகை. 22 வருடம் ஒரே மாதிரி உட்கார்ந்து திரையைப் பார்த்ததில் கழுத்து போய்விட்டது. காலையில் எழுந்தால் வலது பக்கம் திரும்ப முடியாது, உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்புதான் என்று சொல்லி ஐந்து பயிற்சிகள் எழுதிக் கொடுத்தார். பிடித்து விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். மெதுவாகச் செய்கிற ஆளாக இருந்தால் சரி என்றார். பயிற்சிகளை விடாமல் செய்கிறேன், 15 நாளைக்கு ஒரு முறை இந்தக் கடைக்கும் போகிறேன். இப்போது ஸ்கூட்டர் ஓட்டும்போது பின்னால் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்க்க முடிகிறது.

கடையை நடத்துகிற அண்ணனுக்கு 60 தாண்டிவிட்டது. பக்கத்து நாற்காலியில் அவர் மகன். ஆடி மாதத்தில் ஒரு நாள் மகன் என்னிடம் விலைப் பலகை செய்து தரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். கட்டிங், ஷேவிங், ஃபேஷியல், ஹேர் டை, ஹெட் மசாஜ், சாம்பு வாஷ். கடைசி வரியில் என் கை நின்றுவிட்டது. சாம்பா, ஷாம்பா? கடைசி எழுத்து குறிலா, நெடிலா? எழுத்துப்பிழையோடு ஒரு பலகை என் கடையை விட்டுப் போகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். ஊரில் நாலு பேர் தினமும் பார்க்கிற பலகையில் தப்பு இருந்தால் அந்தத் தப்பு நாலு பேருக்கும் சரியாகிவிடும்.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தமிழ்ப் பத்திரிகைகளில் ஷாம்பு, ஷாம்பூ இரண்டும் ஓடுகின்றன. சரி, ஆங்கிலத்துக்கே இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். போன இடத்தில் அசந்துவிட்டேன். ஷாம்பூவுக்கும் சோப்புக்கும் நுரைக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தியில் ‘சாம்ப்னா’ என்றால் அழுத்துவது, பிசைவது. ‘சாம்போ’ என்றால் அமுக்கு, பிடித்து விடு. ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் அந்த ‘சாம்போ’தான் போய்ச் சேர்ந்தது. அதாவது, மகன் எழுதிக் கொடுத்த தாளில் ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் ஒரே சொல். ஹெட் மசாஜ் என்று எதை எழுதியிருந்தாரோ, அதற்குத்தான் முதலில் ஷாம்பூ என்று பெயர்.

இதை எனக்குச் சொன்னது ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் பேச்சில் கலந்துகொண்ட நம் பக்கத்துச் சொற்களைத் திரட்டி 1886இல் வந்தது. தொகுத்தவர்கள் கர்னல் ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னெலும். இந்த பர்னெல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனையில் இருக்கும் சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880இல் வெளியிட்டவர். அகராதி அச்சாகி வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1882இல், 42 வயதில் இறந்துவிட்டார். நான் எண்ணெய் வைத்துக்கொள்கிற சலூனிலிருந்து அந்த அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். இத்தனை வருடம் இந்த ஊரில் எழுத்துக் கோத்துக்கொண்டு, எனக்கு அந்த மனிதரைத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாக இருந்தது.

அகராதி இன்னொன்றும் சொல்கிறது. வெள்ளைக்காரர்கள் இந்திச் சொற்களை எடுத்துக்கொண்டபோது பலவற்றை ஏவல் வடிவத்திலேயே எடுத்துக்கொண்டார்களாம். ஆளைப் பிடிக்கச் சொல்லும் ‘பகடாவ்’, ‘பக்கரோ’ என்று ஆங்கில வினையானது. படகைக் கரையில் சேர்க்கச் சொல்லும் ‘லகாவ்’, ‘லுகோ’ ஆனது. அவையெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டன, சாம்போ மட்டும் தங்கிவிட்டது. ஒரு சொல் எந்த வடிவத்தில் கடன் போகிறது என்பதைப் பார்த்தாலே யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், இன்னொருவர் பின்னால் நிற்கிறார். சாய்ந்திருப்பவர் சொன்னது மட்டும் அகராதிக்குப் போயிருக்கிறது.

அடுத்த முறை போனபோது அண்ணனிடம் சொன்னேன். பிடரியில் கை வைத்திருந்தவர் ஒரு நிமிடம் நிறுத்தினார். “அப்ப பாக்கெட்டுல இருக்கறது ஷாம்பூ இல்லையா?” என்றார். “இருக்குண்ணே, ஆனா நீங்க இப்ப செய்யறதுதான் பழசு” என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் “வேற என்ன படிச்சீங்க?” என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். 25 நிமிடத்துக்கு ஒரு கதை என்று கணக்கு.

கதைக்கு முன் அவர் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் போகப் போவது அதற்காகத்தான்.

நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஒரு பாட்டிலில் வைத்திருப்பார். அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் நிறுத்தி, கை பொறுக்கிற சூட்டில் எடுப்பார். உச்சியில் கொஞ்சம் ஊற்றி உள்ளங்கையால் தட்டுவார். எண்ணெய் முடியிலேயே நின்றுவிடாமல் தோலுக்கு இறங்க வேண்டும் என்பார். அப்புறம் பத்து விரலும் சேர்ந்து இறங்கும். நெற்றிப் பொட்டில் பெருவிரலை வைத்து அமுக்கி, மனதுக்குள் ஐந்து எண்ணி விடுவார். காதுக்குப் பின்னால் உள்ள குழியில் வட்டமாகச் சுற்றுவார். பிடரியின் இரண்டு பக்கத் தசையையும் சப்பாத்தி மாவைப் பிசைகிற மாதிரி எடுத்து எடுத்து விடுவார். எனக்கு வலி இருக்கிற இடத்துக்கு நேராகப் போக மாட்டார், சுற்றியிருக்கிற இடத்தை இளக்கிவிட்டுத்தான் அங்கே வருவார். அதுவரைக்கும் எனக்கே தெரியாத ஒரு முடிச்சு தோள்பட்டையின் ஓரத்தில் இருக்கும். அவர் விரல் அதன் மேல் வந்து நிற்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் அது கரையும்.

இந்த வேலைக்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ணியிருக்கிறேன். அமுக்குவது, பிசைவது, பிடித்து விடுவது, உருவி விடுவது, நீவி விடுவது, தட்டி விடுவது, சொடக்கு எடுப்பது. அண்ணன் இவற்றை மாற்றிப் போட்டுப் பேச மாட்டார். “இன்னைக்கு அமுக்க வேணாம் தம்பி, அந்த இடம் சூடா இருக்கு, நீவி மட்டும் விடறேன்” என்பார். நான் அச்சுக்கு அனுப்புகிற சொற்களில் இவ்வளவு கறாராக இருக்கிறேனா என்று நினைத்துக்கொள்வேன்.

விரலுக்குச் சொடக்கு எடுப்பார், கழுத்துக்கு எடுக்க மாட்டார். கேட்டாலும் மாட்டார். பல சலூன்களில் கடைசியில் தாடையையும் பின்மண்டையையும் பிடித்து ஒரு வெட்டு வெட்டித் திருப்புவார்கள், ‘டக்’ என்று சத்தம் வரும். நாமும் ஆகா என்போம். கழுத்து எலும்பின் ஓரமாக மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அந்தத் திருப்பில் அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். எங்கே உட்கார்ந்தாலும் இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

சரி, கதைகள்.

முதலில் எட்வர்ட் டெர்ரி. ஜஹாங்கீரிடம் தூதராக வந்த சர் தாமஸ் ரோவோடு இருந்த பாதிரியார். 1616இல் அவர் கண்ட காட்சி: இந்த நாட்டுக்காரர்கள் ஓய்வாக இருக்கும்போது நாவிதரை அழைக்கிறார்கள், அவர் கையையும் மற்ற உறுப்புகளையும் இதமாகப் பிடித்தும் தட்டியும் விடுகிறார், உடற்பயிற்சிக்குப் பதிலாக ரத்தம் ஓட இது உதவுகிறது. வேலையை விவரித்திருக்கிறார், அதற்குப் பெயர் தரவில்லை. சொல் பின்னால்தான் வருகிறது. 1747, 48இல் கிழக்கே பயணம் செய்த ஒருவரின் புத்தகம் 1762இல் லண்டனில் அச்சானது. அதில் ஷாம்பூ என்ற வினை அச்சில் ஏறிவிட்டது. அவர் இதைச் சீனர்களுக்கே உரிய வழக்கம் என்றும் ஐரோப்பாவில் தெரியாத ஒன்று என்றும் எழுதுகிறார். தனக்கு முன்னால் சில வணிகர்கள் செய்துகொண்டதைப் பார்த்திராவிட்டால், அந்தக் கருவிகளைக் கண்டே பயந்திருப்பேன் என்கிறார். அண்ணன் இதைக் கேட்டு, “மொத தடவ உக்கார்றவங்க எல்லாருமே பயப்படுவாங்க. தோளத் தூக்கி வச்சுக்குவாங்க. அத எறக்கறதுதான் பாதி வேல” என்றார்.

திப்பு சுல்தானும் வருகிறார். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறு வருடம், 1800இல், அலெக்சாண்டர் பீட்சன் அந்தப் போரைப் பற்றி எழுதிய புத்தகத்தில், சுல்தான் விடியற்காலையில் எழுந்து, உடம்பைப் பிடித்துத் தேய்த்துவிடச் செய்துகொண்டு, கழுவிய பின் ஒரு மணி நேரம் குர்ஆன் ஓதுவார் என்று இருக்கிறது. அங்கே அவர் போட்டிருக்கும் சொல் ‘சாம்போ’ என்பதன் ஆங்கில இறந்தகாலம். எழுத்துக்கூட்டல் இன்னும் ‘ஷ’வில் நிலைக்கவில்லை. 1750களில் பம்பாய் பற்றி எழுதிய குரோஸ் ‘சாம்பிங்’ என்று எழுதினார். என் அம்மா இன்றைக்கும் ‘சாம்பு’ என்றுதான் சொல்கிறார். அதைப் பல தடவை திருத்தியிருக்கிறேன். இனிமேல் திருத்த மாட்டேன். இந்திச் சொல்லும் ‘ச’வில்தான் தொடங்குகிறது.

அண்ணன் மிகவும் ரசித்தது பிரைட்டன் கதை. இதை இரண்டு முறை சொன்னேன்.

சேக் தீன் முகமது 1759இல் பாட்னாவில் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாய். பையனுக்குப் 11 வயது வாக்கில் அப்பா சண்டையில் இறந்துவிட, பேக்கர் என்ற அதிகாரியோடு சேர்ந்துகொண்டு படையிலேயே வளர்ந்தார். 1784இல் அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போனார். அங்கே கல்யாணம் செய்துகொண்டார். 1794இல் தன் பயணங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த முதல் புத்தகம் அதுதான். அப்புறம் லண்டன். சென்னையில் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்த பேசில் காக்ரன் என்பவர் தன் வீட்டில் நீராவிக் குளியல் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1810இல் சொந்தமாக இந்திய உணவுக்கடை ஒன்றைத் திறந்தார். இரண்டே வருடத்தில் நொடித்துப் போனது. 50 வயதுக்கு மேல், கையில் காசில்லாமல், 1814இல் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் குடும்பத்தோடு போனார்.

அங்கே அவரைத் தூக்கி நிறுத்தியது இந்தச் சொல்தான். மூலிகை போட்ட நீராவியில் முதலில் நோயாளியை வியர்க்க வைப்பார்கள். அவரைச் சுற்றி ஃபிளானல் துணியால் ஒரு கூடாரம் இருக்கும். அதில் சட்டைக்கை மாதிரி இரண்டு கைகள் தைத்திருக்கும். பிடித்து விடுகிறவர் வெளியே நின்றபடி அந்தத் துணிக்கைக்குள் தன் கையை விட்டு உள்ளே இருப்பவரின் உடம்பைப் பிசைவார். வாதம், மூட்டுப் பிடிப்பு, பழைய சுளுக்கு என்று வந்தார்கள். குணமாகிப் போனவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களை அந்தக் குளியல் இல்லத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். 1822இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே ‘ஷாம்பூயிங்’ என்று தொடங்குகிறது. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு ராஜாக்களுக்கு அவர்தான் இந்த வேலையைச் செய்தார். அவருக்குக் கொடுத்த பட்டம் ‘ஷாம்பூயிங் சர்ஜன்’.

“கூடாரத்துக்குள்ள கைய விட்டா எடம் எப்படித் தெரியும்?” என்று நான் கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டு, “இப்ப நான் உங்க முதுகப் பாத்துகிட்டா செய்யறேன்? டிவியப் பாத்துகிட்டு இருக்கேன் தம்பி” என்றார்.

சர்ஜன் என்ற சொல்லை அவர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவருடைய சமூகத்துக்கு இங்கே மருத்துவர் என்றுதான் பெயர். அவர் தாத்தா கட்டி கீறுவார், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார். பாட்டி அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர். லண்டனிலும் முடி வெட்டுகிறவர்களும் அறுவை செய்கிறவர்களும் 1540இலிருந்து ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள், 1745இல்தான் பிரிந்தார்கள். இதைச் சொன்னதும், “அங்கேயுமா?” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு 25 நிமிடம் 40 நிமிடமாகிவிட்டது.

அப்படியானால் சொல் எப்படி நுரைக்குப் போனது? குளியல் இல்லத்தில் உடம்பைப் பிசைவதற்கு இருந்த சொல்லை, முடி திருத்துகிறவர்கள் தலையைச் சோப்பு நீர் போட்டுத் தேய்ப்பதற்கும் வைத்துக்கொண்டார்கள். முடியைக் கழுவுவது என்ற பொருளில் 1860இல் பதிவாகிறது. 1866இல் கழுவுகிற சரக்குக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. அதே காலத்தில் பிரெஞ்சிலிருந்து ‘மசாஜ்’ வந்து பழைய பொருளை எடுத்துக்கொண்டது. 50 வருடத்துக்குள் கைக்கு இருந்த பெயர் சரக்குக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் கை தேவைப்படாத இடத்துக்கெல்லாம் சொல் போனது. இன்று தரைவிரிப்புக்கும் கார் சீட்டுக்கும்கூட ஷாம்பூ உண்டு.

சரக்கின் கதையும் சுவாரசியம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அது சோப்பைச் சீவிப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். 1903இல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்கோஃப் பொடியாகப் பொட்டலம் கட்டி விற்றார். அடிப்படை சோப்பாக இருக்கும் வரை ஒரு தொல்லை உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து, முடியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்கு இது தெரியும். 1934இல் அமெரிக்காவில் டிரீன் என்று ஒன்று வந்தது. சோப்பே இல்லாமல் வேதிப்பொருளால் நுரைக்கிற முதல் பெரிய ஷாம்பூ. இன்று கடையில் இருப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அதைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனதில் நம் கடலூருக்குப் பங்கு உண்டு. சின்னிகிருஷ்ணன் என்பவர் அங்கே சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைத் தொடங்கினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயில் தொழில் தொடங்கி, அப்பாவின் பெயரிலிருந்து ‘சிக்’ என்று பெயர் வைத்தார். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் அந்தப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போன தலைமுறை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாக்கெட்டை அண்ணன் தம்பி மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்வோம். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஷாம்பூ என்றால் எனக்கு அது என்றுதான் இருந்தது.

இடையில் ஒரு முறை வேறு கடைக்கும் போனேன். ஊரில் புதிதாக வந்திருக்கிற ஏ.சி. சலூன் ஒன்று. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், வீட்டில் வற்புறுத்தியதால் போனேன். 650 ரூபாய். அதில் ஷாம்பூ, ஹெட் மசாஜ் இரண்டும் அடக்கம் என்றார்கள். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, கழுத்தைப் பின்னால் மடக்கிப் பீங்கான் தொட்டியின் விளிம்பில் வைத்தார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துண்டுகூட வைக்கவில்லை. கேட்டேன், கொஞ்ச நேரம்தான் சார் என்று பதில் வந்தது. நுரை நிறைய வந்தது, வாசனையும் நன்றாக இருந்தது. மசாஜ் என்று சொன்னது மூன்று நிமிடம், விரல் நுனியால் மேலோட்டமாக. நிச்சயதார்த்தத்தன்று முழுக்க வலது பக்கம் திரும்ப முடியாமல் நின்றேன். புகைப்படங்களில் தெரிகிறது. தலை கழுவும்போது கழுத்தை இப்படி நெடுநேரம் மடக்குவதால் வருகிற பக்கவாதத்துக்கு ‘பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்’ என்று டாக்டர்கள் 1990களிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் படித்தேன். அரிதாக நடப்பதுதான். இருந்தாலும், வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் கழுத்துக்கு அணை கொடுக்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கள், இல்லையென்றால் முன்பக்கம் குனிந்து கழுவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கீழவாசல் கடையிலும் குறைகள் உண்டு. தலை கழுவிவிடுவதற்கு 50 ரூபாய் என்று போட்டிருந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேனில் வாங்கி வைத்திருக்கிற ஷாம்பூ தலையை வறட்டிவிடுகிறது. இடமும் குறுகல், வாஷ்பேசினில் குனிந்து நிற்க வேண்டும். எண்ணெய்த் தலையோடு வீட்டுக்கு வந்து அரைமணி ஊறவிட்டுச் சீயக்காயோ அரப்போ போட்டுக் குளிப்பதுதான் நல்லது. துண்டு வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். அவர்கள் துண்டு சுத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் எண்ணெய்க் கறை போகாது. டிவி சத்தம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை போனால் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டிவரும், அவசரத்தில் 25 நிமிடம் 15 ஆகும். செவ்வாய் விடுமுறை. புதன், வியாழன் காலை 11 மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது, அண்ணனே செய்வார். மகன் முடி வெட்டுவதில் கெட்டிக்காரர், டிரிம்மர் வேலை அப்பாவைவிடச் சுத்தம். ஆனால் பிடித்து விடுவதற்கு அப்பாவைத்தான் கேளுங்கள். மகனுக்கு விரலில் பலம் இருக்கிறது, நிற்க வேண்டிய இடம் இன்னும் பிடிபடவில்லை. ஷேவிங்குக்கு ஒவ்வொருவருக்கும் புது பிளேடு, கண் முன்னால் உடைத்துப் போடுவார்கள். காசு, ஜிபே இரண்டும் வாங்குவார்கள்.

போன புதன்கிழமை அண்ணன் என் வலது கையை நீவிக்கொண்டே, “அந்த பிரைட்டன்காரரோட புள்ளைங்க என்ன ஆனாங்க?” என்று கேட்டார். சில பிள்ளைகள் அதே தொழிலை நடத்தினார்கள் என்றேன். பேரன் ஒருவர், ஃபிரெடரிக் அக்பர் முகமது, 1849இல் பிரைட்டனில் பிறந்து, லண்டன் கைஸ் மருத்துவமனையில் டாக்டரானார். மணிக்கட்டில் கட்டி நாடித் துடிப்பைத் தாளில் கோடாக வரைகிற கருவியைத் திருத்தி அமைத்து, சிறுநீரகத்தில் நோய் இல்லாதவர்களுக்கும் ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்க முடியும் என்று கண்டு சொன்னவர். 35 வயதில் டைபாய்டு வந்து இறந்துவிட்டார். அண்ணனின் பெருவிரல் என் மணிக்கட்டில் நின்றிருந்தது. “35 தானா?” என்றார். அப்புறம் விரல்களுக்கு ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்துவிட்டு, தோளில் இரண்டு தட்டு தட்டி, எழுந்திருக்கச் சொன்னார்.

பலகையை அன்றைக்குத்தான் கொண்டுபோயிருந்தேன். ஆறாவது வரியில் ‘ஷாம்பூ வாஷ்’, நெடில் போட்டு. ஐந்தாவது வரியில் ஹெட் மசாஜை எடுத்துவிட்டு ‘தலை பிடித்து விடுதல்’ என்று வைத்திருந்தேன். மகன் இரண்டு முறை படித்துப் பார்த்தார். “சார், இது கஸ்டமருக்குப் புரியுமா?” என்று தயங்கினார்.

“புரியும்டா, ஆணி எடு” என்றார் அண்ணன்.